பென்ஷன் இல்லாத சிஸ்டர்கள்

போன மாதம், ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த சிஸ்டரைப் பார்க்கப் போயிருந்தேன். திண்டுக்கல் பக்கம், அவங்க கன்னியர் துறவற சபையின் முதியோர் இல்லம். 84 வயது, வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார், ஆனாலும் நான் இன்னார் மகன் என்று சட்டென்று சொல்லிவிட்டார். கிளம்பும்போது ஒரு கவரில் 2,000 ரூபாய் வைத்துக் கொடுத்தேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, உடனே இல்லத்தின் தலைவியான மதரைக் கூப்பிட்டு, "தம்பி வீட்டுக்குக் கொடுத்திருக்கு, நோட்டுல எழுதிருங்க" என்றார். உங்களுக்கென்றுதான் கொண்டுவந்தேன் என்றதற்கு, "எனக்குன்னு தனியா என்னப்பா இருக்கு?"

சம்பளம் வாங்கிய காலத்திலும் அப்படித்தான், மொத்தமும் சபைக்கு. அது ஏழ்மை வார்த்தைப்பாடு, தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்று துறவறத்தில் கொடுக்கும் வாக்கு. அரசு உதவி பெறும் பள்ளியில் இருந்ததால் இப்போது அவருக்குப் பென்ஷன் வருகிறது, அதுவும் பொதுவுக்குத்தான் போகிறது. பக்கத்து அறையில் படுக்கையில் இருப்பவர் எங்கள் போர்டிங்கில் காலமெல்லாம் சோறாக்கிப் போட்ட சிஸ்டர். எதிர் அறையில் மருந்தகம் பார்த்தவர். இவர்களுக்கு ஏது பென்ஷன்? டீச்சராக இருந்த நாலைந்து பேரின் பென்ஷனில்தான் வீடே ஓடுகிறது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்கள் பழைய பென்ஷனில் வரமாட்டார்கள், சிஸ்டர்கள் சம்பளத்திலும் வரி பிடிக்கலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, புதிதாகச் சேரும் பெண்களும் குறைவு. நினைத்தால் பயமாக இருக்கிறது.

என்ன வேண்டும் என்று மதரிடமே கேட்டேன். சேலை, கேக் எல்லாம் கிறிஸ்மஸுக்கு நிறைய வருகிறதாம். பெரியவர்களுக்கான டயப்பர், அப்புறம் இரவில் கூட இருக்க ஓர் ஆள், இதற்குத்தான் கஷ்டம் என்றார். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பேசி, அந்த ஆளுக்கான சம்பளத்தை மாதாமாதம் அனுப்புகிறோம்.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. என் அனுபவம் சாமியார்களை, அதாவது கத்தோலிக்கக் குருக்களைப் பற்றியது. பங்குச் சாமியார்கள் (ஓர் ஊர்க் கோயிலையும் அதன் மக்களையும் கவனிப்பவர்கள்) 75 வயதானால் ஆயரிடம் (பிஷப்) ராஜினாமா கடிதம் கொடுக்கும்படி திருச்சபைச் சட்டம் கேட்டுக்கொள்கிறது. எனக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) கொடுத்தவர் இப்போது மறைமாவட்ட ஓய்வு இல்லத்தில் இருக்கிறார். பங்கில் இருந்தபோது வாசலில் எந்நேரமும் கூட்டம், இப்போது எட்டிப் பார்க்க ஆளில்லை, அதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் எங்கள் அன்பியத்திலிருந்து (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழு) மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு பேர் போகிறோம். நகம் வெட்டிவிடுவோம், பேப்பர் வாசித்துக் காட்டுவோம். அவர் ஊரைத் தெருத்தெருவாக விசாரிப்பார். போன தடவை கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, "கோயில் மணிக்கூண்டு விரிசலைப் பூசியாச்சா?"