அம்மா போன பிறகு தியானத்தில் உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது

போத்தடாங் குமார் (யாங்கோன்):
அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டு பர்மாக்காரர்கள் சொன்னதால் ஏழாம் நாள் பொங்கிகளை (புத்த பிக்குகளை) அழைத்துச் சோறு கொடுத்தோம், பதினாறாம் நாள் காரியத்தை நம் முறைப்படி செய்தோம். எல்லாம் முடிந்தது. ஆனால் பால்கனியில் அம்மாவின் தனக்கா கல், முகத்தில் பூசத் தனக்கா மரப்பட்டையை அரைக்கிற கல், அப்படியே இருக்கிறது. கடைசியாக அரைத்தது ஓரத்தில் மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருக்கிறது, அதைக் கழுவ எனக்குக் கை வரவில்லை.

நண்பன் சொல்லி, மஹாசி சயாடோ என்ற பர்மிய பிக்கு கற்றுக்கொடுத்த தியான முறையில் காலையில் அரை மணி நேரம் உட்காருகிறேன். மூச்சு விடும்போது வயிறு எழும்புவதையும் தாழ்வதையும் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து மூச்சு போவதற்குள் "ரெண்டு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தால்" என்று மனசு ஆரம்பித்துவிடுகிறது, அப்புறம் முழுக்க அழுகைதான். கீழ்வீட்டுப் பாட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம் "அநெய்ச்சா, அநெய்ச்சா" (நிலையாமை) என்கிறார். நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனாலும் எனக்குக் கோபம் வருகிறது. எல்லாமே நிலையில்லாதது என்றால் அம்மாவுக்காக அழுவதே தப்பா? இன்னொன்று, நாங்கள் காளியம்மன் கோயிலுக்குப் போகிற குடும்பம். இதெல்லாம் நமக்குச் சரிப்படுமா என்று அத்தை வேறு கேட்கிறார்.

மோல்மீன் அக்கா:
தம்பி, அழுவது தப்பே இல்லை. தன் தலைமைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் இறந்த பிறகு புத்தர் சங்கத்தாரைப் பார்த்து, அவர்கள் இல்லாமல் இந்தச் சபை எனக்கு வெறுமையாகத் தெரிகிறது என்று சொன்னதாக சம்யுத்த நிகாயம் என்ற புத்தர் உரைகளின் தொகுப்பில் இருக்கிறது. அவருக்குத் துயரம் இல்லை என்றும் அதே இடத்தில் வருகிறது, ஆனால் வெறுமையை வெறுமை என்று சொல்ல அவர் தயங்கவில்லை பாருங்கள். என் வீட்டுக்காரர் போன வருஷத்தில் இதைப் படித்துவிட்டு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதே நிகாயத்தில் இரண்டு அம்பு உவமையும் உண்டு. ஒருவனுக்கு ஒரு அம்பு தைக்கிறது, அந்த வலியோடு இன்னொரு அம்பும் தைக்கிறது. முதலாவது உடம்பின் வலி, இரண்டாவது அதை நினைத்து மனசு படும் பாடு. உங்கள் விஷயத்துக்கு அதை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்வேன்: அம்மா இல்லை என்பது முதல் அம்பு, அதை யாராலும் பிடுங்க முடியாது. "ரெண்டு நாள் முன்னாடி" என்பது இரண்டாவது, அதைத் தினமும் காலையில் நீங்களே எடுத்துக் குத்திக்கொள்கிறீர்கள். பாட்டி சொல்லும் அநெய்ச்சாவுக்கு "விட்டுத்தள்ளு" என்று அர்த்தமில்லை. உங்கள் நெஞ்சில் இருக்கிற இந்தக் கனமும் மாறிக்கொண்டே இருக்கிறது, அதை உற்றுப் பார் என்றுதான் அர்த்தம்.

பெகு வாசகன்:
அக்கா சொன்னதோடு செய்முறையையும் சொல்கிறேன். அழுகை வந்தால் வயிற்றை விட்டுவிடுங்கள், வலுக்கட்டாயமாகத் திரும்பிப் போகாதீர்கள். மஹாசி முறையில் எது மேலோங்கி வருகிறதோ அதைத்தான் குறிக்கச் சொல்கிறார்கள். யோசனை வந்தால் "யோசிக்கிறது, யோசிக்கிறது" என்று குறியுங்கள், கதைக்குள் போகாமல். அப்புறம் உடம்பில் பாருங்கள், தொண்டை அடைக்கிறதா, கண்ணுக்குப் பின்னால் சூடா, நெஞ்சு இறுகுகிறதா. ஒரே மாதிரி நிற்காது, கூடும், குறையும், இடம் மாறும். எனக்குத் தொண்டையில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும், கூர்ந்து பார்த்தால் அது ஒரே கட்டியாக இல்லை, துடித்துத் துடித்து வருகிறது என்று ஒரு நாள் தெரிந்தது. துக்கம் போகவில்லை. ஆனால் பயம் போய்விட்டது.

அரை மணி நேரம் இப்போது அதிகம், பத்து நிமிஷம் போதும். உட்கார முடியாத நாளில் நடங்கள், தூக்குவது, நகர்த்துவது, வைப்பது என்று ஒவ்வொரு அடியாக. துக்கம் பச்சையாக இருக்கும்போது எனக்கு நடைதான் கை கொடுத்தது.

தகோன் வாசு:
அத்தையிடம் விபாசனா தியான ஆசிரியர் கோயங்காவைப் பற்றிச் சொல்லுங்கள். 1924ல் மண்டலேயில் பிறந்தவர், இந்து வியாபாரக் குடும்பம். ஒற்றைத் தலைவலி தாங்காமல் 1955ல் ஊ பா கினிடம் போனார். ஊ பா கின் தியான ஆசிரியர், அரசாங்கக் கணக்குத் துறையில் பெரிய அதிகாரியும்கூட. தலைவலிக்கு மருந்தாக மட்டும் இதைக் கேட்காதே, அது தம்மத்தை (புத்தரின் போதனையை) மலிவாக்குவது என்று சொல்லி முதலில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. பிற்பாடு கோயங்கா 1969ல் இந்தியா போய்ச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தபோதும் யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை. காளியம்மனுக்கு விளக்கு ஏற்றிவிட்டே உட்காரலாம்.

ஆனால் ஒன்று, கோயங்கா முறையில் நடக்கும் பத்து நாள் தியான முகாமுக்கு இப்போது போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து. விடியற்காலை நாலு மணிக்கு மணி அடிக்கும், பேச்சு கிடையாது, நாள் முழுக்க உட்கார வேண்டும். ஆறாத மனசோடு போனால் தாங்குவது கஷ்டம். போவதாக இருந்தால் நடந்ததை விண்ணப்பத்திலேயே மறைக்காமல் எழுதுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போயிருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள், தியானம் அதற்குப் பதில் ஆகாது.

போத்தடாங் குமார்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, அந்த இரண்டாவது அம்பு என்னை விடவே இல்லை. மூணு நாளாகப் பத்து நிமிஷம்தான். நேற்று "யோசிக்கிறது" என்று குறித்தபோது ஆஸ்பத்திரி வராண்டா கண் முன்னால் வந்தது, ஆனால் அந்த வாசகம் வரவில்லை, அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும் வந்தது. அழுதேன், இது வேறு மாதிரி அழுகை. தூக்கம் பரவாயில்லை. அத்தை இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, இன்று காலை நான் உட்கார்ந்திருந்தபோது டிவியை மட்டும் அணைத்தார். தனக்கா கல் அங்கேயே இருக்கிறது, மழை படாமல் உள்பக்கம் நகர்த்தி வைத்தேன்.