பயாஸில் ஹார்ட் டிஸ்க் தோன்றி மறைகிறது: டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டுமா?

செம்பூர்வாசி (கேள்வி):

வணக்கம். 2017இல் வாங்கிய என் மடிக்கணினியில் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. பத்து நாள்களுக்கு முன்பு வேலை செய்துகொண்டிருந்தபோதே திரை உறைந்து நின்றது. அணைத்துப் போட்டதும், துவக்குவதற்குரிய டிஸ்க் எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் வந்தது. அன்று மாலை தானாகவே சரியாகி விண்டோஸ் 10 வந்துவிட்டது. இப்போதோ நான்கு முறை போட்டால் ஒரு முறைதான் வருகிறது. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே இயங்கி, கணினியின் பாகங்களைக் கண்டறியும் அடிப்படை மென்பொருள்) போய்ப் பார்த்தால் சில சமயம் டிஸ்க்கின் மாடல் எண் தெரிகிறது, சில சமயம் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

வீட்டருகே ஒரு கடையில் காட்டினேன். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், டிஸ்க் போய்விட்டது, எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத புதுவகை டிஸ்க்) போட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறேன், பழைய தகவல்களுக்குப் பொறுப்பேற்க முடியாது என்றார். எனக்கு அந்தத் தகவல்கள்தாம் முக்கியம். தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் என் மாமாவின் மூன்றாண்டுக் கணக்குகள் அதில்தான் உள்ளன. வேறெங்கும் நகல் இல்லை. (அதற்காகத் திட்ட வேண்டாம், மாமா ஏற்கெனவே திட்டிவிட்டார்.) டிஸ்க்தான் கெட்டது என்று எப்படி உறுதி செய்வது?

மாட்டுங்கா பழையவர்:

முதலில் ஒரு வேண்டுகோள். அடுத்த முறையாவது வருமா என்று இனி அந்தக் கணினியைப் போட்டுப் பார்க்காதீர்கள். டிஸ்க் உண்மையிலேயே சாகக் கிடந்தால், ஒவ்வொரு முறை சுழலத் தொடங்குவதும் அதன் மிச்ச ஆயுளைக் குறைக்கும். அதிர்ஷ்டவசமாக விண்டோஸ் வந்துவிட்டாலும், அது டிஸ்க்கைப் பழுதுபார்க்கிறேன் என்று தானாகத் தொடங்கும் வேலை, நகல் எடுக்காத நிலையில் நன்மையைவிடத் தீமையே செய்யக்கூடும்.

பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிந்தும் விண்டோஸ் வரவில்லையென்றால், துவக்கக் கோப்புகள் சிதைந்தனவா, துவக்க வரிசை மாறியதா என்று தேடலாம். பயாஸிலேயே டிஸ்க் இல்லையென்றால் விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏனெனில் விண்டோஸ் இன்னும் மேடைக்கே வரவில்லை. அப்போது சந்தேகிக்க வேண்டியவை மூன்று: டிஸ்க், அதை மதர்போர்டுடன் இணைக்கும் கேபிள், மதர்போர்டில் உள்ள இணைப்பி. உங்கள் டிஸ்க் தோன்றி மறைகிறது என்பதால், என் சந்தேகம் முதலில் நடுவில் இருக்கும் கேபிள் மீதுதான் விழுகிறது.

இதைப் பிரித்தறிய எளிய வழி, டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி வழியாக வேறொரு கணினியில் இணைத்துப் பார்ப்பதுதான். 2.5 அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பியின் 5 வோல்ட் மின்சாரமே போதும், மின்சாரத்துக்கெனத் தனி அடாப்டர் தேவையில்லை. கழற்றும் முன் சார்ஜரை எடுத்துவிட்டு, உள்ளே உள்ள பேட்டரியின் இணைப்பையும் பிரித்துவிடுங்கள். இணைத்ததும் 'பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்டால், தயவுசெய்து ரத்து செய்யுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சீரான சத்தம் வந்தால் உடனே இணைப்பை நீக்கிவிடுங்கள். அதன்பின் அது தகவல் மீட்புக் கூடத்தின் வேலை, நம் வேலை அன்று. படிக்கும் முனைகள் டிஸ்க்கினுள் சுழலும் தகட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதப்பவை. மூடியைத் திறந்தால் விழும் ஒரு தூசியே அவற்றுக்குப் பாறை. குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் பிழைக்கும் என்று சிலர் சொல்வார்கள். மும்பையின் ஈரக் காற்றில் அதை வெளியே எடுத்த மறுகணமே டிஸ்க் வியர்த்துவிடும், அந்த வைத்தியம் வேண்டாம்.

வாஷி வாசகன்:

பழையவர் சொன்னதோடு ஒன்று. பயாஸில் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விட்டதா என்று பாருங்கள். போயிருந்தால், மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்து, பயாஸ் அமைப்புகள் ஆலையில் வைத்த தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கலாம். அப்போது கணினி துவங்கும் முறையோ (யூஇஎஃப்ஐ, லெகசி), டிஸ்க்கோடு பேசும் முறையோ (ஏஎச்சிஐ, ரெய்டு) மாறிப்போய், நல்ல டிஸ்க்கிலிருந்தும் விண்டோஸ் வராமல் போகும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்2, எச்பியில் எஃப்10 அழுத்தினால் பயாஸ் வரும்.

செம்பூர்வாசி:

தேதி சரியாகவே இருக்கிறது. நேற்று நண்பர் ஒருவரின் உதவியோடு டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி வழியாக அவருடைய கணினியில் இணைத்தோம். சத்தம் ஏதுமில்லை, கோப்புறைகள் எல்லாம் உடனே தெரிந்தன! டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் மென்பொருளில் பார்த்தபோது 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளிலும் பூச்சியம் இருந்தது. சி7 என்ற வரியில் மட்டும் 19சி என்று இருக்கிறது. எண்ணுக்கு நடுவே எழுத்து எப்படி வந்தது என்று விளங்கவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு கடையில் கணினியைத் திறந்து கூடுதல் ரேம் போட்டுக்கொண்டேன்.

மாட்டுங்கா பழையவர்:

அந்த எழுத்துதான் உங்களுக்கு நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறது. அந்த மென்பொருள் மூல மதிப்புகளைப் பதினாறடிமான எண்ணாக (10 முதல் 15 வரையுள்ள மதிப்புகளை ஏ முதல் எஃப் வரை எழுத்துகளால் குறிக்கும் முறை) காட்டுவது வழக்கம். 19சி என்பது நம் கணக்கில் 412.

05 என்பது கெட்டுப்போனதால் மாற்றிடம் தரப்பட்ட செக்டர்களின் (தகட்டில் தகவல் எழுதும் சிறு கூறுகளின்) எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருப்பவை, சி6 என்பது மீட்க முடியாதவை. தகடு தேய்ந்திருந்தால் இந்த மூன்றில் ஏதேனும் ஒன்று ஏறியிருக்க வேண்டும். சி7 என்பது வேறு வகை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் செல்லும் வழியில் சிதைந்து, சரிபார்ப்பில் தோற்றுப்போன தடவைகளை அது எண்ணுகிறது. தகடு நலமாக இருந்து அந்த எண் மட்டும் 412 என்றால், பெரும்பாலும் பழி கேபிளுக்கும் இணைப்பிக்கும்தான். ரேம் போட்டபோது அந்தத் தட்டையான கேபிள் மடிந்திருக்கலாம், அல்லது மதர்போர்டு முனையில் உள்ள சிறிய கறுப்புத் தாழ் முழுமையாக அழுந்தாமல் விடுபட்டிருக்கலாம். முதலில் அதை அழுத்திப் பாருங்கள், காசு செலவில்லை.

எதுவாயினும், டிஸ்க் இப்போது வெளியே இருக்கிறது, படிக்கவும் முடிகிறது. கேபிளைத் தேடிப் போகும் முன் இன்றே கணக்குகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். அதில் ஒரு நகல் மாமாவின் கையிலும் இருக்கட்டும்.

கோலிவாடா மெக்கானிக்:

கடைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எஸ்எஸ்டி போடச் சொன்னதில் முழுத் தவறு இல்லை. எட்டாண்டு கடந்த சுழலும் டிஸ்க்கை நம்பி வியாபாரக் கணக்கை வைத்திருக்கக் கூடாது. ஆனால் கேபிள் பழுதாக இருக்கும்போது அதே கேபிளில் எஸ்எஸ்டியைப் பொருத்தினால், அதுவும் தோன்றித் தோன்றி மறையும். வாடிக்கையாளர் புது எஸ்எஸ்டியையும் மட்டம் என்று திருப்பிக் கொண்டுவருவார். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். பழைய கேபிளையே கையில் எடுத்துக்கொண்டு மும்பையின் கணினிப் பொருள் சந்தையான லாமிங்டன் சாலைக்குப் போங்கள். கேபிள் மாடலுக்கு மாடல் வேறுபடும், அதன் மீது அச்சிட்டுள்ள எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

செம்பூர்வாசி:

கணக்குகள் அனைத்தையும் நகலெடுத்துவிட்டேன். தாழை அழுத்திப் பார்த்தும் டிஸ்க் நிலையாகத் தெரியவில்லை. கேபிளை வெளியே எடுத்தபோதுதான், அதன் நடுவே நகத்தால் கீறியதுபோல் ஒரு மடிப்புக் கோடு தெரிந்தது. குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாறி, லாமிங்டன் சாலைக்கு அருகே உள்ள கிராண்ட் ரோட்டில் இறங்கி, மூன்று கடைகள் ஏறி இறங்கி, நான்காவது கடையில் அதே எண்ணுள்ள கேபிளை வாங்கினேன். மாற்றிய பிறகு இருபது முறைக்கு மேல் போட்டுப் பார்த்தேன், ஒரு முறைகூட டிஸ்க் மறையவில்லை. ஆனால் சி7 இன்னும் 19சி என்றே காட்டுகிறதே, அது பூச்சியத்துக்குத் திரும்பாதா?

மாட்டுங்கா பழையவர்:

திரும்பாது. அது டிஸ்க் தன் ஆயுள் முழுவதும் சுமக்கும் எண்ணிக்கை. இன்றைய தேதியோடு 19சி என்று குறித்து வைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். 19சியாகவே இருந்தால் கேபிளோடு பிரச்சினை போயிற்று. 19டி ஆனால் மதர்போர்டு இணைப்பியைப் பற்றி மறுபடி பேசலாம்.