ஹாலுசினேஷனுக்கு ஒரு சொல் போதாது: தோன்றல், திரிதல், விடுபடல்

அன்புடையீர், வணக்கம்.

சுற்றுச்சூழல் ஆய்வாளர்களின் வரைவைச் செப்பனிட்டுச் சரிபார்க்கும் செயற்கை நுண்ணறிவு எழுத்துத்துணையின் தமிழ் இடைமுகத்தில், ஆங்கிலத்தில் ஹாலுசினேஷன் எனப்படும், இயந்திரம் தானாகச் சேர்த்துவிடும் ஆதாரமற்ற பகுதிகளைச் சுட்ட எந்தச் சொல்லை வைப்பது என்ற கேள்விக்கு மாயத்தோற்றம், பிரமை, இட்டுக்கட்டல், சான்றிலி என்று நான்கு சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. நான்காவதை முன்மொழிந்தவன் நான். மாதிரிப் பத்திகள் பலவற்றில் அதைப் பொருத்திப் பார்த்த பிறகு, சொல்லில் குறையில்லை, நாம் கேட்ட கேள்விதான் குறுகியது என்று இப்போது நினைக்கிறேன். அதை விளக்கவே இம்மடல்.

முதல் இரண்டு சொற்களையும் நாம் விட்டுவிடலாம். மாயத்தோற்றத்துக்கும் பிரமைக்கும் கண்டவர் ஒருவர் வேண்டும். எழுத்துத்துணையை இயக்கும் பெருமொழி மாதிரி (large language model) எதையும் காண்பதில்லை. முன்வந்த சொற்களைக் கொண்டு அடுத்து வரத்தக்க சொல்லைத் தேர்ந்து அடுக்குகிறது. ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழின் பெயர், தொகுதி எண் என்ற வரிசை அதற்குப் பழகிய வடிவம் என்பதால், அப்படியொரு கட்டுரை உலகில் இல்லாதபோதும் அந்த வடிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுகிறது. மருத்துவத்தில் நோயாளியின் துன்பத்தைச் சொல்வதற்கு என்று உள்ள சொற்களை இதற்கு எடுத்துக்கொள்ள வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஹாலுசினேஷன் என்ற சொல்லும் அங்கிருந்து இரவல் பெற்றதே.

இட்டுக்கட்டல் எனக்குப் பிடித்த சொல். ஊர்வழக்கில் உள்ளது, கேட்டவுடன் புரிவது. ஆனால் அதில் ஏமாற்றும் எண்ணம் அடங்கியிருக்கிறது. ஆய்வாளர் தரும் கட்டுரைகளையும் களக்குறிப்புகளையும் மூலமாகக் கொண்டு, வரைவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவற்றில் ஆதாரம் உண்டா என்று ஒப்பிட்டுப் பார்த்தே நம் கருவி குறி இடுகிறது. வாக்கியம் உண்மையா பொய்யா என்பது அதற்குத் தெரியாது; மூலத்தில் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே அது காட்ட முடியும். ஓர் ஆய்வாளர் பத்து ஆண்டுகள் கழிமுகத்தில் நடந்து திரிந்து, தாம் கண்ணால் கண்டதை வரைவில் ஒரு வரியாகச் சேர்க்கிறார் என்று வையுங்கள். மூலக்கோப்பில் அது இராது. அந்த வரியின் மேல் இட்டுக்கட்டல் என்று திரையில் எழுந்தால், அது அவரைப் பொய்யர் என்பதாகும்.

இதனால்தான் சான்றிலியை முன்வைத்தேன். முதுகெலும்பிலி, கம்பியிலி என்பவற்றின் அச்சில் அமைந்தது. குற்றம் சாட்டாமல் இன்மையை மட்டும் சொல்வது. அறிவிலி, நாணிலி போன்ற வசைச்சொற்களை அது நினைவூட்டுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். முதுகெலும்பிலிகளை நாள்தோறும் எண்ணிக்கொண்டிருக்கும் ஆய்வாளர்களுக்கு அந்தத் தயக்கம் வராது என்பது என் எண்ணம்.

ஆனால் சான்றிலி பிடிக்காத பிழைகள் உள்ளன, அவையே கூடுதல் ஆபத்தானவை. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035ஆம் ஆண்டுக்குள் மறைந்துவிடும் வாய்ப்பு மிக அதிகம் என்ற வாக்கியம் இடம்பெற்றது நினைவிருக்கும். அது தவறு என்பதை 2010 ஜனவரியில் அக்குழு ஏற்று வருத்தம் தெரிவித்தது. எழுத்துத்துணைகள் வருவதற்கு வெகு முன்பே மனிதர் கையால் நேர்ந்த பிழை அது. நாம் கவனிக்க வேண்டியது, அந்த வாக்கியத்துக்குச் சான்று காட்டப்பட்டிருந்தது என்பதை. சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வுக்கு உட்படாத 2005ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று அங்கே மேற்கோளாக நின்றது. அதற்கும் முந்தைய 1996ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் 2350 என்றிருந்த எண்ணே 2035 என்று இடம் மாறியிருக்கலாம் என்ற கருத்தும் அப்போது எழுந்தது. சான்றிலிக் குறி மட்டும் உள்ள கருவி இந்த வாக்கியத்தைத் தொடாமல் விட்டிருக்கும்.

தமிழில் எழுதும்போது இத்தகைய பிழை இன்னும் நுட்பமாக நுழைகிறது. நம் மொழியில் ஐயத்தின் அளவைப் பெரும்பாலும் வினைமுற்றின் கடைசியில் வைக்கிறோம். "கடலோரக் கிணறுகளில் உப்புநீர் புகக்கூடும்" என்று ஆய்வாளர் எழுதியதை, நடையைச் செப்பனிடுகிறேன் என்று கருவி "உப்புநீர் புகும்" என்று சுருக்கினால், வாக்கியம் அழகாகத்தான் இருக்கும். ஆய்வு சொல்லாத ஒன்றை ஆய்வு சொன்னதாக ஆகிவிடும். மேற்சொன்ன குழுவின் வழக்கில், நிகழும் வாய்ப்பு உண்டு என்பது 66 முதல் 100 விழுக்காடு. வாய்ப்பு மிக உண்டு என்பது 90 முதல் 100 விழுக்காடு. "மிக" என்ற ஒரு சொல்லை மிகைச்சொல் என்று கருவி நீக்கிவிட்டால் கீழெல்லை 90இலிருந்து 66க்கு இறங்கிவிடுகிறது.

இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகள். சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவிய மரம். கருவேலம் நம் ஏரிகளில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும் நாட்டு மரம். அகற்ற வேண்டிய மரங்களைப் பற்றிய அறிக்கையில் "சீமை" என்ற முன்னொட்டு ஓரிடத்தில் விடுபட்டாலும் போதும், வெட்டக்கூடாத மரம் வெட்டுப் பட்டியலில் ஏறிவிடும். காற்றில் மிதக்கும் பிஎம் 2.5 நுண்துகளுக்கு இந்தியாவில் 2009இல் வகுத்த வரம்பு, ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரியாக 60. ஒரு நாளின் அளவீடு 45 என்று இருக்க, "24 மணி நேரச் சராசரி" என்ற தொடர் சுருக்கத்தில் போய்விட்டால், வரம்புக்குள் இருக்கும் காற்று வரம்பு மீறியதாகப் படிக்கப்படும். இங்கே எதுவும் கற்பனையாகச் சேர்க்கப்படவில்லை. ஒன்று போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே, மூலத்துக்கும் வரைவுக்கும் இடையில் நிகழ்வன மூன்று: இல்லாதது வருவது, இருப்பது வேறாவது, இருப்பது போவது. இந்த மூன்றுக்கும் பெயர் வைக்க நாம் எங்கும் போக வேண்டியதில்லை. வாழைப்பழத்தில் ஒற்று தோன்றுவதையும், பற்பொடியில் லகரம் றகரமாகத் திரிவதையும், மரவேரில் மகரம் கெடுவதையும் பள்ளியில் படித்த எவருக்கும் தோன்றல், திரிதல், கெடுதல் என்ற விகாரங்கள் தெரியும். இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் நிகழும் மாற்றத்துக்கு இலக்கணம் வைத்த பெயர்கள், இரண்டு பனுவல்கள் சந்திக்கும் இடத்திலும் அப்படியே பொருந்துவதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதை மூன்றாகப் பிரித்துக் காட்டும் வாய்ப்பு நமக்கு இங்கே கிடைத்திருக்கிறது.

ஒரே ஒரு மாற்றம் தேவை. நீர் கெடுதல், மண் கெடுதல் என்று இத்துறையில் கெடுதலுக்கு வேறு பொருள் நிலைத்திருக்கிறது. ஓர் ஏரியைப் பற்றிய வாக்கியத்தின் ஓரத்தில் கெடுதல் என்று குறி தெரிந்தால், அது ஏரியைப் பற்றிய செய்தி என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். அதற்குப் பதிலாக விடுபடல் என்று வைக்கலாம். இலக்கண மரபின் அணிவரிசை சற்றுக் குலைகிறது என்பது எனக்கும் வருத்தமே. ஆயினும் ஆய்வாளரின் கண்ணுக்குத் தெளிவாக இருப்பது முதன்மையானது. மூலத்தோடு ஒத்துவரும் வாக்கியத்துக்குக் குறியே வேண்டாம்.

மூன்றையும் தொகுத்துச் சுட்ட ஒரு பொதுச்சொல் வேண்டும். விகாரம் இன்றைய பேச்சில் அருவருப்பான தோற்றத்தைக் குறிக்கிறது. வழு நல்ல சொல், ஆனால் கணினி நிரலில் உள்ள பிழைக்கு அதை நாம் ஏற்கெனவே வழங்கிவருகிறோம். இங்கே நிரல் சரியாக ஓடும்போதும் பிழை நேர்கிறது. மூலப்பிறழ்வு என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. எதிலிருந்து விலகியது என்பதைச் சொல்லிலேயே தாங்கி நிற்கிறது. எண்ணத்தைப் பற்றியோ உண்மையைப் பற்றியோ தீர்ப்பு எதையும் அது சொல்லவில்லை. சான்றிலியையும் கைவிட வேண்டியதில்லை. தோன்றல் என்பது நிகழ்வின் பெயர், சான்றிலி என்பது அதனால் வந்து நிற்கும் வாக்கியத்தின் பெயர் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

திரையில் குறிகள் "தோன்றியது", "திரிந்தது", "விடுபட்டது" என்று வினைமுற்றாக அமைய வேண்டுமா, தொழிற்பெயராகவே நிற்கலாமா என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை. வினைமுற்று இயல்பாகப் படிக்கிறது. ஆனால் அறிக்கையின் இறுதியில் எண்ணிக்கையோடு தொகுக்கும்போது தொழிற்பெயரே வசதி. இதில் உங்கள் கருத்தையும், மூலப்பிறழ்வுக்கு ஏதேனும் எதிர்ப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்.