எள்ளுருண்டை கொடுத்தால் மிட்டாய்க் கணக்கில் வராதாம்!

நொய்யல்கரை:
பக்கத்துத் திரியில் ஒருத்தர் அளந்து விட்டிருக்கிறார். "எங்க வீட்டில் குழந்தைக்கு இனிப்பே கிடையாது, பாடம் எழுதி முடித்தால் நாட்டுச் சர்க்கரை எள்ளுருண்டைதான் பரிசு" என்று. அதற்கு ஆளாளுக்குக் கைத்தட்டல் வேறு. ஏனுங்க, எங்க வீட்டில் எள்ளுக்குச் சரிசமமாக நாட்டுச் சர்க்கரை போட்டுத்தான் இடிப்பார்கள், அப்போ அது இனிப்பு இல்லாமல் என்ன, கசாயமா? நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பங்கு, வெள்ளைச் சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். 2 வயது தாண்டிய பிள்ளைக்குக் கூடுதலாகச் சேர்க்கிற சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்கணும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2016இல் சொன்னது. பழுப்பாக இருந்தால் பரவாயில்லை என்று அதில் எங்கேயும் இல்லை. சரி, இனிப்பைக் காட்டாமல் பிள்ளைகளை எப்படி உற்சாகப்படுத்துகிறீர்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ஆலைக்கொட்டாய்:
அந்த "ஒருத்தர்" நான்தானுங்க. பேர் சொல்லியே கேட்டிருக்கலாம், ஒளிஞ்சு நின்று கல் எறிய வேண்டியதில்லை. எனக்குச் சொந்த ஊர் கவுந்தப்பாடி. பழனி பஞ்சாமிர்தத்துக்கே எங்க ஊர்ச் சர்க்கரைதான் போகிறது. முருகனுக்கு ஆகிறது உங்க பிள்ளைக்கு ஆகாதோ? எள்ளில் சுண்ணாம்புச் சத்து இருக்கு, இரும்பு இருக்கு. உங்க சாக்லேட்டில் என்ன இருக்கு, கலர் காகிதம்தான்.

நொய்யல்கரை:
முருகனுக்குச் சொத்தைப்பல் வராதுங்ணா. என் பிள்ளைக்கு வரும். நான் சாக்லேட் கொடுக்கச் சொன்னேனா? எங்கே சொன்னேன், காட்டுங்க.

ரெண்டாப்பு டீச்சர்:
எந்தச் சர்க்கரை என்பதை விட்டுட்டு இதைக் கொஞ்சம் பாருங்க. எதைப் பரிசாக நீட்டுகிறோமோ அந்தத் தின்பண்டத்தின் மேல் பிள்ளைக்கு ஆசை கூடும். லீன் பர்ச் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் 1980இல் சின்னப் பிள்ளைகளை வைத்தே இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். என் வகுப்பில் பரிசு என்றால் சாயங்கால மணி அடிக்கிற வேலைதான். அந்தக் கட்டையைக் கையில் வாங்கியதும் நடையே மாறிடும், பக்கத்து வகுப்பு ஜன்னலில் ஒருதரம் தலையைக் காட்டிவிட்டுத்தான் போய் அடிப்பான். அதற்காகவே வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆலைக்கொட்டாய்:
டீச்சர், மணி அடிக்கிறது பள்ளிக்கூடத்தில் சரி, வீட்டில் நான் எந்த மணியை அடிக்கச் சொல்வது? நொய்யல்கரைக்காரருக்கு ஒன்று சொல்கிறேன். கரும்புச் சாறு கொப்பரையில் கொதித்து, அழுக்கெடுத்து, பாகு இறுகுகிற வரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஆலையில் வெளுத்து வருகிற சீனியும் இதுவும் ஒன்று என்று சொல்ல நாக்கு எப்படி வருகிறது? எங்க அப்புச்சி எள்ளுருண்டையும் கச்சாயமும் தின்றே வளர்ந்தவர், கடைசி வரைக்கும் கரும்பைப் பல்லால்தான் கடித்தார். கோயமுத்தூரில் அடுக்குமாடியில் உட்கார்ந்துகொண்டு கிராமத்துச் சாப்பாட்டைக் குறை சொல்கிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது.

நொய்யல்கரை:
நான் இருப்பது திருப்பூர். அடுக்குமாடியும் இல்லை. உங்க அப்புச்சி நாள் பூரா காட்டில் வேலை செய்தவர், நம்ம பிள்ளைகள் நாள் பூரா செல்போனில். திரும்பவும் கேட்கிறேன், எள்ளுருண்டையில் சர்க்கரை இருக்கா இல்லையா?

ஆலைக்கொட்டாய்:
இருக்கு. நாட்டுச் சர்க்கரை இருக்கு.

நொய்யல்கரை:
அட சாமி.

சித்தோட்டு மாப்பிள்ளை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். நாட்டுச் சர்க்கரை என்று பேர் இருந்தால் போதுமா? பளிச்சென்று மஞ்சளாக வரணும் என்று ஹைட்ராஸ் என்கிற ரசாயனத்தைப் போட்டு வெளுக்கிற கதையும் இந்தத் தொழிலில் உண்டு. எங்க சித்தோட்டு வெல்லச் சந்தையில் கறுப்பாகக் கிடக்கிற உருண்டையைத்தான் நான் எடுப்பேன். பரிசு கொடுக்கிறதே கொடுக்கிறீங்க, அதையாவது பார்த்துக் கொடுங்க.

ஆலைக்கொட்டாய்:
வந்துட்டாரய்யா. யார் போடுகிறார்கள், எங்க ஊரில் போடுவதைப் பார்த்தீரா? போன தடவை செக்கு எண்ணெய்த் திரியிலும் இப்படித்தான் ஒரு திரியைக் கொளுத்திப் போட்டுட்டு காணாமல் போனீர்.

ரெட்டைவால்:
எங்க வீட்டில் சர்க்கரையும் இல்லை, சண்டையும் இல்லை. சுவரில் அட்டை, பல் விளக்கினால் ஒரு ஸ்டார், புத்தகப் பையை எடுத்து வைத்தால் ஒரு ஸ்டார். அட்டை நிறைந்தால் கொடிவேரி அணை. அருவியில் குளியல், அப்புறம் வறுத்த மீன். மீனில் சர்க்கரை இல்லை என்று நினைக்கிறேன், ஆலைக்கொட்டாய் அண்ணன்தான் சொல்லணும்.

ரெண்டாப்பு டீச்சர்:
கொடிவேரி நல்லது. ஆனால் ஸ்டார் விஷயத்தில் கவனமாக இருங்க. 1973இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை நடந்தது. படம் வரைய ஆசைப்படும் குட்டிகளிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள்தான் தானாக வரைவது குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரென்று கொடுத்த பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. ஏற்கெனவே பிரியமாகச் செய்கிற வேலைக்கு விலை பேசாதீங்க, அவ்வளவுதான்.

ரெட்டைவால்:
பல் விளக்குவதைப் பிரியமாகச் செய்கிற பிள்ளை உங்க வகுப்பில் இருந்தால் ஒன்று எங்க வீட்டுக்கு அனுப்புங்க டீச்சர்.

நொய்யல்கரை:
டீச்சர் சொல்வதை நான் கண்ணால் பார்த்தேன். என் தங்கச்சி மகன் லீவுக்கு வந்திருந்தான். நோட்டைத் திறக்கும் முன்னால் கேட்கிறான், "மாமா, ஒரு பக்கத்துக்கு எத்தனை உருண்டை?" ஒரு வரி எழுதுவான், டப்பாவைப் பார்ப்பான். பென்சில் பூரா பிசுபிசுப்பு, நோட்டில் எள் ஒட்டியிருக்கிறது. இதுதான் ஊக்கமா? அவனை மளிகைக் கடைக்குக் கூட்டிப்போய், மீதிச் சில்லறையை நீயே எண்ணி வாங்கு என்றதும் என்ன குஷி தெரியுமா. கணக்கும் ஆச்சு.

ஆலைக்கொட்டாய்:
உருண்டைக்கு அலையுது என்றால் வீட்டில் வயிறாரச் சோறு போடவில்லை என்று அர்த்தம். எள்ளுருண்டை மேல் பழி போடாதீங்க. என் மகள் இரண்டு உருண்டையோடு நிறுத்திக்கொள்வாள், கணக்கில் எப்பவும் நல்ல மார்க். கடையில் வேலை வாங்கினால் பரிசு, நான் உருண்டை கொடுத்தால் குத்தம், நல்ல நியாயமுங்க. மறுபடியும் சொல்கிறேன், நாட்டுச் சர்க்கரையில் இரும்புச் சத்து இருக்கு.

நொய்யல்கரை:
என் தங்கச்சி சோறு போடும் லட்சணத்தை நீங்க சொல்ல வேண்டாம். இரும்பு வேணும் என்றால் முருங்கைக்கீரை கொடுங்க. அதைப் பரிசாகக் கொடுத்துப் பாருங்களேன், தெரியும்.

ஆலைக்கொட்டாய்:
கீரையை யாராவது பரிசு என்பார்களா?

நொய்யல்கரை:
அதைத்தானுங்க நானும் சொல்றேன்! இனிப்பாக இருப்பதால்தானே உருண்டை பரிசாகிறது!

ஆலைக்கொட்டாய்:
பேச்சை மாத்தாதீங்க. ஹைட்ராஸ் பற்றித் தனித்திரி போடுகிறேன், சித்தோட்டுக்காரர் ஆதாரத்தோடு அங்கே வரட்டும்.

சித்தோட்டு மாப்பிள்ளை:
வர்றனுங்க. முதலில் செக்கு எண்ணெய்த் திரியில் லிட்டர் என்ன விலை என்று கேட்டேனே, அதற்குப் பதில் சொல்லுங்க.