சய (−) போட்டால் ஏன் வலப்பக்கம் போகுது?

எக்ஸ் வர்க்கத்தின்ர வரைபு கன பேருக்கு வரும். அதோட 3 கூட்டினால் மேல ஏறும், அதுவும் விளங்கும். (எக்ஸ் − 3)² எண்டால் மட்டும் வலப்பக்கம் 3 அலகு போகுது. சய எண்டால் இடப்பக்கம்தானே போகவேணும்? நானும் "அடைப்புக்குள்ள எண்டால் எதிர்மாறு" எண்டு பாடமாக்கித்தான் வைச்சிருந்தனான்.

1996 மே. யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில இடம்பெயர்ந்து இருந்திட்டு வீட்டுக்குத் திரும்பின கையோட, 25ஆம் திகதி அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிச்சுது. அம்மம்மா மாத்தமாட்டன் எண்டிட்டா. சுவரில புது நேரம், அவவின்ர கட்டிலடியில பழைய நேரம்.

கணிதம் படிப்பிச்ச மாமா ஒருநாள் முற்றத்து மண்ணில ஈர்க்காலை ஒரு வளையி கீறினார். ஆறு மணியளவில வெளிச்சம் ஏறத் தொடங்கி, மத்தியானம் உச்சி, பின்னேரம் இறக்கம்.

"இது அம்மம்மான்ர நேரம். சுவர் மணிக்கூட்டில ஏழு எண்டால் வெளிச்சம் எவ்வளவு?"

"பழைய ஆறு மணி வெளிச்சம்."

"அப்ப ஏழில ஒண்டைக் கழிச்சிட்டுத்தானே பழைய வளையியைப் பாக்கிறாய்?"

பக்கத்தில புது வளையியைக் கீறினார். ஒரு சாண் வலப்பக்கம். கழிச்சது நேரத்தில, அதாலதான் விடியல் ஆறிலயிருந்து ஏழுக்குப் போனது. எனக்கு அந்த மண்ணிலதான் விளங்கினது. ஒக்ரோபரில நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுக்க, அம்மம்மான்ர நேரத்தோட மிச்ச வித்தியாசம் அரை மணித்தியாலம்தான் எண்டு (எக்ஸ் − ½) வளையியை நானே கீறிக் காட்டினன். 2006 ஏப்ரலில நாடு பழைய நேரத்துக்கே வந்திட்டுது. அப்ப அம்மம்மா இல்லை.

மறுமொழி:

அண்ணை, நான் இப்ப ரியூசன் குடுக்கிறன். பிள்ளையள் பிழைவிடுறது (2எக்ஸ் − 6)² இல. எக்ஸ் வர்க்க வரைபை அகலத்தில அரைவாசியாச் சுருக்கிப்போட்டு, 6 அலகு தள்ளுவினம். 6 தள்ளிப்போட்டுச் சுருக்கினால் சரி, அந்த 6உம் சேர்ந்து 3 ஆயிடும். முதல் சுருக்கினால் 3தான் தள்ளவேணும், ஏனெண்டால் அது 2(எக்ஸ் − 3). இந்த ஒழுங்கை வாயால சொல்லி ஏறாது. போன கிழமை ஒரு பிள்ளை இழிவுப் புள்ளியை, அதுதான் வளையி ஆகக் கீழ போற இடத்தை, எக்ஸ் 6 இல வைச்சிருந்தாள். "அந்த இடத்தில வையின்ர (y) பெறுமானம் என்ன வரும், போட்டுப் பாரம்மா" எண்டன். 36 வந்தது. பிறகு 3ஐப் போட்டாள், பூச்சியம். நான் ஒண்டும் சொல்லேல்லை, அவளே அழிறப்பரை எடுத்தாள்.