உதவி தேவை: ஏஐ எழுதித்தரும் பயிற்சிப் பாடம் எங்கள் கிடங்குக்குப் பொருந்தவில்லை

டர்பன்_பயிற்சியாளர்

அனைவருக்கும் வணக்கம். டர்பன் துறைமுகத்துக்கு அருகில் உள்ள ஒரு கிடங்கில் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். கொள்கலன்களில் வரும் சரக்கை இறக்கி, பாலெட்டுகளில் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டுகளில்) அடுக்கி, லாரிகளில் ஏற்றி அனுப்புவது எங்கள் வேலை. சரக்கைத் தூக்கிச் செல்லும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஓடும் இடத்தில் நடந்து வேலை செய்யும் புதியவர்களுக்கு 20 நிமிடப் பாதுகாப்புப் பாடம் ஒன்றை ஏஐ துணையோடு தயாரிக்க வேண்டும்.

நான் கொடுத்த கட்டளை இது: "நீ அனுபவம் மிக்க பயிற்சி வல்லுநர். கிடங்குப் பாதுகாப்பு குறித்து ஈர்ப்பான பாடம் ஒன்றும் பத்து வினாக்களும் எழுது."

வந்த பாடத்தில் எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. ஆனால் எந்த ஊர்க் கிடங்குக்கும் அதைக் கொடுத்துவிடலாம். நடுவில் அமெரிக்க விதி எண்கள் வருகின்றன. வினாக்களில் எது நீளமான விடையோ அதுவே சரியான விடை. பாடத்தைப் படிக்காதவரும் தேறிவிடுவார். "இன்னும் விரிவாக", "இன்னும் எளிமையாக" என்றெல்லாம் கேட்டுப் பார்த்தும் நீளம்தான் மாறுகிறது. கட்டளையில் என்ன சேர்க்க வேண்டும்?

பீனிக்ஸ்_பாடவரைவு

தம்பி, வல்லுநர் என்று பட்டம் சூட்டினால் ஏஐயின் பேச்சுநடை மாறும்; உங்கள் கிடங்கைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரிந்துவிடாது. அது பயின்ற எழுத்துகளில் அமெரிக்க ஆவணங்கள் மிகுதி. நாட்டைச் சொல்லாவிட்டால் அங்கேதான் போய் நிற்கும். நீங்கள் பார்த்த எண்களில் 1910.178 இருந்திருந்தால், அது அமெரிக்காவின் ஃபோர்க்லிஃப்ட் விதி. நமக்கு உரியது 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டம். ஆனால் "தென்னாப்பிரிக்கச் சட்டப்படி எழுது" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். இல்லாத பிரிவு எண்ணையும் அது உறுதியான குரலில் எழுதித் தரும். பணியாளர் கடமைகளைச் சொல்லும் 14ஆம் பிரிவை நீங்களே எடுத்து ஒட்டுங்கள். நிறுவனத்தின் நடைமுறை ஆவணத்தையும் ஒட்டுங்கள். பிறகு, "இவற்றில் உள்ளதை மட்டும் பயன்படுத்து, வேறு தகவல் தேவைப்பட்டால் எழுதுவதற்கு முன் என்னைக் கேள்" என்று சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உங்கள் கட்டளையில் இருக்கிறது. "கிடங்குப் பாதுகாப்பு குறித்து" என்பது தலைப்புதான். பாடம் முடித்துத் தளத்துக்குப் போகிறவர் நேற்றுவரை செய்ததை விட்டு இன்று வேறு எதைச் செய்ய வேண்டும்? டொனால்ட் கர்க்பாட்ரிக் 1959 முதல் எழுதிய நான்கு நிலை மதிப்பீட்டில் மூன்றாவது நிலை இதுதான்: வேலையிடத்தில் நடத்தை மாறியதா? அந்த நடத்தையை நீங்கள் சொல்லாதவரை ஏஐ பொதுவான அறிவுரையைத்தான் எழுதும், ஏனென்றால் அதனிடம் வேறு எதுவும் இல்லை.

நான் எழுதியிருந்தால் கட்டளை ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்:

"டர்பனில் உள்ள சரக்குக் கிடங்கில் முதல் வாரம் வேலை செய்யும் பணியாளர்களுக்கான பாடம். பெரும்பாலோரின் தாய்மொழி ஜூலு. ஆங்கிலத்தை மெதுவாகப் படிப்பார்கள். பாடத்தைக் கைப்பேசியில் பார்ப்பார்கள். பாடம் முடிந்ததும் அவர்கள் செய்ய வேண்டியவை: பின்னால் வரும் ஃபோர்க்லிஃப்டின் பாதையைக் கடக்குமுன் நிற்பது, ஓட்டுநரின் கண்ணைப் பார்ப்பது, அவர் கையசைத்த பிறகு நடப்பது. இப்போது அவர்கள் செய்யும் தவறு: (இங்கே உங்கள் தளத்தில் நடப்பது). நடைமுறை ஆவணம் கீழே. முதலில் பாடத்தின் சட்டகத்தை மட்டும் கொடு. நான் ஒப்புக்கொண்ட பிறகு முழுதாக எழுது."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சட்டகத்தில் ஒரு தலைப்பை நீக்குவது எளிது. முழுப் பாடமும் வந்த பிறகு அதையே திருத்திக்கொண்டிருப்பது பெரிய வேலை.

வினாக்களைத் தனியாகக் கேளுங்கள். ஒவ்வொரு வினாவும் ஒரு சூழலாக இருக்கட்டும்: கொள்கலனின் வாயிலில் நிற்கிறீர்கள், பின்னால் எச்சரிக்கை ஒலி கேட்கிறது, கையில் பெட்டி இருக்கிறது, என்ன செய்வீர்கள்? தவறான விடைகள் உண்மையில் மக்கள் செய்யும் தவறுகளாகவே இருக்க வேண்டும். அவற்றின் பட்டியலை நீங்கள் கொடுக்க வேண்டும். எல்லா விடைகளும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கட்டும் என்றும் சொல்லுங்கள். விடைகளின் வரிசையை நீங்களே கலைத்துவிடுங்கள். அந்த வேலையில் ஏஐயை நான் நம்புவதில்லை.

செட்ஸ்வொர்த்_மேற்பார்வை

அக்கா சொன்னது சரி. ஆனால் அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கும் அந்த இடத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்ப முடியாது. தம்பி, மாலையில் லாரிகள் வரிசையாக நிற்கும் நேரத்தில் தளத்துக்குப் போய் நின்று பாருங்கள். நான் பல காலம் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவன். மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் தாண்டுகிறார்கள். ஏன் தாண்டுகிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.

லெனேஷியா_மனிதவளம்

விபத்து அறிக்கைகளை அப்படியே ஏஐயில் ஒட்டிவிடாதீர்கள் என்று சொல்லவே வந்தேன். 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒருவரின் உடல்நலத் தகவல் கூடுதல் பாதுகாப்புக்கு உரியது. பெயரையும் பணியாளர் எண்ணையும் நீக்கினால் மட்டும் போதாது. "இரவு ஷிப்டில் கால் நசுங்கிய பெண்" என்று எழுதினால் தளத்தில் எல்லோருக்கும் யாரென்று தெரியும். என்ன நடந்தது, எந்த வகை இடத்தில், எந்த வேலையின்போது என்பது மட்டும் பாடத்துக்குப் போதும். நிறுவனம் அனுமதித்த ஏஐ சேவை எது என்பதையும் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: இந்தப் பாடம் நடந்து வேலை செய்பவர்களுக்கு மட்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்குப் பதிவுபெற்ற பயிற்சி நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும். கைப்பேசிப் பாடம் அதற்கு ஈடாகாது.

டர்பன்_பயிற்சியாளர்

மூவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி மாலை ஷிப்டில் தளத்தில் நின்றேன். நடைபாதையாகக் கோடு போட்டிருக்கும் இடத்தில் காலிப் பாலெட்டுகளை அடுக்கிவிடுகிறார்கள். நடப்பவர்களுக்கு ஃபோர்க்லிஃப்ட் பாதையைத் தவிர வேறு வழியில்லை. அதோடு, சரக்கைப் பதிவு செய்யும் ஸ்கேனரின் திரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். புதியவர்கள் பழையவர்களைப் பார்த்து இரண்டையும் கற்றுக்கொள்கிறார்கள். இவை இரண்டையும் பாடத்தில் வைக்கலாமா?

செட்ஸ்வொர்த்_மேற்பார்வை

பாலெட்டைப் பாடத்தில் வைக்காதீர்கள்! வழியை அடைத்துவிட்டு "வழியில் நட" என்று புதியவருக்குப் பாடம் நடத்தினால் முதல் நாளே உங்கள் பாடத்தின் மேல் மரியாதை போய்விடும். காலிப் பாலெட்டுக்கு வேறு இடம் ஒதுக்கச் சொல்லி உங்கள் தளமேலாளரிடம் படத்தோடு எழுதிக் கொடுங்கள். பாதுகாப்புப் பிரதிநிதியையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த ஏஐயும் அந்தப் பாலெட்டை நகர்த்தாது.

பீனிக்ஸ்_பாடவரைவு

ஐயாவோடு முழுதும் உடன்படுகிறேன். ஸ்கேனர் பாடத்துக்கு உரியது, ஏனென்றால் அதைப் பழக்கத்தால் மாற்ற முடியும். கட்டளையில் இப்படிச் சேருங்கள்: "பணியாளர் ஸ்கேனர் திரையைப் பார்த்தபடி நடக்கிறார். நின்று ஸ்கேன் செய்து, ஸ்கேனரைத் தாழ்த்திய பிறகு நடக்கும் பழக்கம் வர வேண்டும். 'சுற்றிலும் கவனமாக இரு' போன்ற பொது வாக்கியங்கள் வேண்டாம். மூன்று சூழல்கள் எழுது. ஒன்றில் மேற்பார்வையாளர் அவசரப்படுத்துகிறார்." அவசரம் இல்லாத சூழலில் எல்லோரும் சரியான விடையைத்தான் சொல்வார்கள்.

20 நிமிடத்தையும் குறைத்துவிடலாம். பழக்கம் ஒன்றுதான் என்றால், ஷிப்ட் தொடக்கத்தில் நின்றபடியே நடத்தும் டூல்பாக்ஸ் டாக் என்ற சிறு பாதுகாப்புப் பேச்சும் சில சூழல் வினாக்களும் போதும்.

டர்பன்_பயிற்சியாளர்

அப்படிக் கேட்டதும் வந்த சூழல்கள் எங்கள் தளத்தைப் போலவே இருக்கின்றன. பாலெட்டு விஷயத்தைத் தளமேலாளருக்கு எழுதிவிட்டேன். கடைசியாக ஒரு சந்தேகம்: ஜூலு வடிவத்தையும் ஏஐயிடமே கேட்கலாமா? எனக்கு ஜூலு ஓரளவுதான் தெரியும்.

பீனிக்ஸ்_பாடவரைவு

முதல் வரைவுக்குக் கேளுங்கள். ஆனால் அதை அப்படியே வெளியிடாதீர்கள். ஜூலுவைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு ஷிப்ட் தலைவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டு, தளத்தில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு அந்தச் சொற்களையே போடுங்கள். ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்க்கச் சொல்லிச் சரிபார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம்; பிழையான வாக்கியமும் திரும்பி வரும்போது சரியாகத் தோன்றும். வாசிக்கிறவருக்கு அதற்கென வேலைநேரத்தில் நேரம் ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். இடைவேளையில் உட்கார வைக்காதீர்கள்.