புதுப்பிப்பு: வீட்டுப்பாட அழுகைக்கு மாரத்தான் பயிற்சியிலிருந்து கிடைத்த வழி
ஒன்பது வயது மகன் வீட்டுப்பாடம் என்றாலே அழுவதையும், நான் பொறுமையிழந்து கத்துவதையும் பற்றிச் சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. நான் 42.195 கிலோமீட்டர் மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பதை அறிந்த ஒருவர், அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் ஜெஃப் கேலோவே பரப்பிய, சிறிது ஓடிச் சிறிது நடக்கும் ஓட்டம்-நடை முறையைப் பாடத்துக்கும் பொருத்தச் சொன்னார், அதுவே பலித்தது. களைப்பதற்கு முன்பே நடந்துவிடுவதுதான் அம்முறையின் உயிர் என்பதால், அவன் சிணுங்கும் வரை காத்திராமல், பத்து நிமிடம் பாடம், மூன்று நிமிடம் மொட்டைமாடி என்று வைத்தோம். முதல் வாரம் பென்சிலைக் கடித்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் வாரம் அழுகை நின்றது. எதிர்பாராதது, என் கோபமும் குறைந்ததுதான். நெடுந்தூர ஓட்டத்தில் பசிக்கும் முன்பே சாப்பிடும் நான், அலுவலகத்திலிருந்து வெறும் வயிற்றோடு வந்து அவனருகே உட்கார்ந்ததே அந்தக் கோபத்துக்குப் பாதிக் காரணம் என்று இப்போது தெரிகிறது. பெருக்கல் கணக்கு மட்டும் இன்னும் இழுபறியாக இருக்கிறது.